மணப் புட்டியும் மான் மூக்கும்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி நூலகத்திற்கு ஒரு பெட்டி நிறைய நூல்கள் நன்கொடையாக வந்தன. அளித்தவர் அமெரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய ஒரு பொறியாளர். பொறியியல் நூல்களுக்கிடையே வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டையாடுவது பற்றிய கையேடுகளும் இதழ்களும் ஏழெட்டு இருந்தன. முதலாண்டு மாணவர் ஒருவர் அவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், இந்தப் புட்டியிலுள்ள மணநீரை நாலு சொட்டு விட்டால் அரை மைலுக்கு அப்பால் நிற்கும் மான் கூடத் தேடி வரும் என்று போட்டிருக்கிறதே, இது நடக்குமா?"

நான் யோசிக்காமல் விடை சொன்னேன். "ஏன் நடக்காது? மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் விரவிச் செல்லும். விரவல் பாடம் மறந்துவிட்டதா?"

அன்றிரவு தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டேன். என் விடை தவறு என்று தெரிந்தது. கையேடு செய்த பிழையும் நான் செய்த பிழையும் ஒன்றே என்பதும் தெரிந்தது. பிறகு அந்நூல்கள் அனைத்தையும் ஒழுங்காகப் படித்தேன். இக்கட்டுரை அப்படிப்பின் விளைவு.

தொடங்கு முன் ஒன்று. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றமாகும். வட அமெரிக்காவில் வெண்வால் மானை உரிமம் பெற்று, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கையில் வேட்டையாடச் சட்டம் இடமளிக்கிறது. அந்த வேட்டை சரியா தவறா என்பது வேறு விவாதம். அவ்வேட்டையைப் பற்றி எழுதுவோர் அறிவியலின் பெயரால் சொல்வன எவ்வளவு தூரம் நிற்கும் என்பதையே இங்கு நாம் நோக்குவோம்.

நூல்கள் கூறுவது

வெண்வால் மான் மணத்தால் வாழும் விலங்கு எனலாம். அதன் குளம்புப் பிளவில் ஒரு சுரப்பி உண்டு. நடக்கும் இடமெல்லாம் அது மணத்தை விட்டுச் செல்லும். பின்னங்கால் மடிப்பின் உட்புறத்தில் மயிர்க்கற்றையோடு கூடிய மற்றொரு சுரப்பி உண்டு. ஆண்மான் அம்மயிரின் மேல் சிறுநீர் கழித்துக் கால்களை ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். இனச்சேர்க்கைப் பருவத்தில் ஆண்மான் குளம்பால் தரையைச் சுரண்டி, அதன்மேல் தொங்கும் கிளையை முகர்ந்து நக்கித் தன் மணத்தைப் பதிக்கும். பிற மான்களும் அவ்விடத்திற்கு வந்து முகர்ந்து செல்லும்.

இவற்றைப் பார்த்தே மணப் புட்டி வணிகம் தோன்றியது. இனச்சேர்க்கைக்கு ஆயத்தமான பெண்மானின் சிறுநீர், ஆண்மானின் சிறுநீர், சுரப்பிச் சாறு, செயற்கைக் கலவை என்று பல வகைகள் விற்பனையாகின்றன. கையேடுகள் பயன்படுத்தும் முறையையும் கூறுகின்றன. பஞ்சில் நனைத்துக் கிளையில் தொங்க விடலாம். துணியில் நனைத்துக் கயிறு கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு நடக்கலாம். தரையைச் சுரண்டிப் போலிக் குறியிடம் செய்து அதில் ஊற்றலாம்.

இந்நூல்களின் சிறப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். காற்றைப் பற்றி எழுதும்போது இவ்வாசிரியர்கள் மிக நன்றாக எழுதுகின்றனர். காலையில் வெயில் பட்டுச் சூடான மலைச்சரிவில் காற்று மேலேறும்; மாலையில் குளிர்ந்த காற்று கனத்து, நீர் ஓடுவது போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே மாலையில் சரிவின் மேல் அமர்ந்த வேடனின் மணம் பள்ளத்திலுள்ள மானுக்குச் சென்று சேரும் என்கின்றனர். வெப்பச் சலனத்தை இதைவிடத் தெளிவாக விளக்க என்னால் இயலாது. இது காட்டில் பல காலம் உட்கார்ந்து கண்டறிந்த அறிவு. புட்டியைப் பற்றிய அத்தியாயம் வந்தவுடன் இந்த அறிவு எங்கே போகிறது என்பதே என் கேள்வி.

விரவலா, காற்றா?

விரவலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணப்பொருளின் மூலக்கூறு காற்று மூலக்கூறுகளோடு ஓயாமல் மோதுகிறது. ஓரடி முன் வைத்தால் ஓரடி பக்கவாட்டில் போகிறது. ஓரளவு பெரிய மணமூலக்கூறுக்குக் காற்றில் விரவல் கெழு வினாடிக்கு ஏறத்தாழ 0.05 சதுர செ.மீ. எனக் கொள்ளலாம். செல்லும் தூரத்தின் வர்க்கத்தை இக்கெழுவின் இருமடங்கால் வகுத்தால் நேரம் கிடைக்கும்.

3 மீட்டர் செல்ல 9 இலட்சம் வினாடி, அதாவது ஏறத்தாழ 10 நாள் ஆகும். 10 மீட்டருக்கு ஏறத்தாழ 116 நாள். அரை மைலுக்கு, அதாவது 800 மீட்டருக்கு, ஏறத்தாழ 2,000 ஆண்டுகள்! விரவலை நம்பிப் புட்டியைத் திறந்தவர் மானுக்காக இருபது நூற்றாண்டு காத்திருக்க வேண்டும்.

அறையின் மூலையில் ஊதுபத்தி ஏற்றினால் மறுமூலையில் ஓரிரு நிமிடத்தில் மணக்கிறதே, அது விரவல் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிப் பாடத்தில் அப்படித்தான் நானும் படித்தேன். அப்படித்தான் கற்பித்தும் வந்தேன். ஆனால் 3 மீட்டருக்கு 10 நாள் என்ற கணக்கு என்ன சொல்கிறது? அறைக் காற்று அசையாமல் இல்லை. ஊதுபத்தியின் சூடே காற்றை மேலெழுப்புகிறது. சுவரின் குளிர்ச்சியும் நம் மூச்சும் அதைச் சுழற்றுகின்றன. புகை நெளிவதைப் பார்த்தாலே இது விளங்கும். மணத்தைச் சுமப்பது காற்றோட்டம். கடைசிச் சில மில்லிமீட்டரில்தான் விரவலுக்கு வேலை.

காட்டிலும் இதே கதைதான். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசும் மென்காற்று 800 மீட்டரை 13 நிமிடத்தில் கடக்கும். ஆனால் அது ஒரே திசையில் செல்லும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நிற்கும் மானுக்கு மட்டுமே மணம் எட்டும். எதிர்ப்பக்கம் 20 மீட்டரில் நிற்கும் மானுக்கு ஒன்றும் தெரியாது. 'எல்லாத் திசையிலிருந்தும் இழுக்கும்' என்ற விளம்பர வாசகம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

அளவு போதாது என்று சொல்ல முடியாது. மூலக்கூறு எடை 196 உள்ள ஒரு மணப்பொருளை 1 மில்லிகிராம் எடுத்துக்கொள்வோம். அதில் 3-க்குப் பின் 18 சுழியங்கள் இட்ட எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன. இவற்றை 100 மீட்டர் ஆரமுள்ள அரைக்கோளக் காற்றில் சீராகக் கலந்தாலும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் சுமார் 15 இலட்சம் இருக்கும். ஆகவே சரியான பக்கம் நிற்கும் மானின் மூக்கிற்கு மணம் சென்று சேர்வது அரிதன்று. சேர்ந்த பின் மான் அதை என்னவென்று எடுத்துக்கொள்கிறது என்பதுதான் பொருட்டு.

வில்லுக்கே உரிய இடர்

மணநீரைச் சுமக்கும் காற்றே வேடனின் வியர்வை மணத்தையும் சுமக்கிறது. அனுபவமுள்ள ஆண்மான் மணம் வரும் இடத்திற்கு நேராக நடந்து வருவதில்லை. சுற்றி வந்து, காற்று செல்லும் பக்கம் நின்று, முகர்ந்த பின்னரே நெருங்கும். இதைக் கையேடுகளே கூறுகின்றன.

இப்போது ஒரு படம் வரைந்து பாருங்கள். காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. மணப்பஞ்சு ஓரிடத்தில் தொங்குகிறது. அதற்கு 30 மீட்டர் கிழக்கே மான் நின்று முகர்கிறது. வேடன் பஞ்சுக்கு 20 மீட்டர் வடக்கே மரத்தின் மேல் அமர்ந்திருக்கிறார். வேடனையும் மானையும் இணைக்கும் கோடு காற்றின் திசையோடு ஏறத்தாழ 34 பாகைக் கோணம் செய்யும். காற்று அந்த 34 பாகை திரும்பினால் போதும். பஞ்சின் மணம் நின்று மனித மணம் மானின் மூக்கில் ஏறும். மரங்களுக்கிடையே வீசும் மென்காற்று இந்த அளவு திரும்புவது சர்வ சாதாரணம்.

துப்பாக்கி வைத்திருப்பவர் 100 மீட்டர் தள்ளி அமரலாம். அப்போது கோணம் 73 பாகையாகிறது. வில்லுக்கு அந்த வசதி இல்லை. வில்வேடர் பொதுவாக 20, 30 மீட்டருக்குள்தான் அம்பு எய்ய முடியும். எனவே மணப்பொறியை வில்லோடு சேர்த்துப் பயன்படுத்துவது துப்பாக்கியோடு பயன்படுத்துவதினும் கடினமான காரியம். நான் படித்த நூல்களில் பஞ்சை எங்கே தொங்கவிடுவது என்பதற்குப் பல பக்கங்கள் உண்டு. இந்தக் கோணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மனித மணத்தை உறிஞ்சும் கரித்துணி உடை அணிந்தால் இக்கவலை இல்லை என்று வேறொரு விளம்பரம் கூறும். அவ்வுடையை வீட்டு உலர்த்தியில் சூடாக்கினால் கரி புதுப்பிக்கப்பட்டுவிடும் என்றும் கூறும். ஆனால் ஆலைகளில் செறிவூட்டிய கரியைப் புதுப்பிக்கப் பல நூறு பாகை வெப்பம் தேவைப்படுகிறது. துணி உலர்த்தும் பெட்டி அந்த வெப்பத்திற்குப் போனால் உடையே மிஞ்சாது.

புட்டிக்குள் என்ன?

ஓர் உயிரின் உடலிலிருந்து வெளிப்பட்டு அதே இனத்தின் மற்றோர் உயிரின் நடத்தையை மாற்றும் வேதிப்பொருளுக்குப் பெரோமோன் என்ற பெயரை 1959-இல் கார்ல்சன், லூஷர் ஆகிய இருவர் சூட்டினர். அதே ஆண்டில் பூட்டெனான்ட் ஏறத்தாழ 5 இலட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து முதல் பெரோமோனைப் பிரித்தெடுத்தார். பத்தாண்டு கழித்து, 1969-இல், முல்லர்-ஷ்வார்ட்சு முதலியோர் கருவால் மானின் பின்னங்கால் மணத்தின் முதன்மைப் பொருள் ஒரு லாக்டோன் என்று கண்டனர். நான் மேலே கணக்கிற்கு எடுத்துக்கொண்ட 196 இதன் மூலக்கூறு எடைதான்.

கையேடுகள் இவ்வாய்வுகளின் சாயலை எடுத்துக்கொண்டு 'பெரோமோன்' என்ற சொல்லை மந்திரம் போல் உச்சரிக்கின்றன. ஆனால் அந்த ஆய்வில் கவனிக்கப்பட்டது ஒன்றாக வாழும் மான்கள் ஒன்றின் காலை மற்றொன்று முகர்ந்து நக்கும் நடத்தை. தொலைவிலிருந்து மானைக் கூவி அழைக்கும் பொருள் கண்டுபிடிக்கப்பட்டதாக அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

பூச்சிகளின் நிலை வேறு. தென்னையைத் தாக்கும் சிவப்புக் கூன்வண்டின் பெரோமோன் 1993-இல் அடையாளம் காணப்பட்டது. இன்று நம் தென்னந்தோப்புகளில் அதை வைத்து இனக்கவர்ச்சிப் பொறி கட்டுகிறார்கள். வாளியில் விழுந்த வண்டுகளை எண்ணலாம். மருந்து வைக்காத வாளியோடு ஒப்பிடலாம். பூச்சியின் நடத்தை பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்தது. மானோ கற்றுக்கொள்ளும் விலங்கு. ஒருமுறை ஏமாந்த இடத்தை மறுமுறை ஐயத்தோடு பார்க்கும்.

புட்டியிலுள்ள நீரும் அப்படியே இருப்பதில்லை. பாக்டீரியாக்கள் சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியா ஆக்கிவிடும். நாள்பட்ட சிறுநீரின் காரநெடி நாம் எல்லோரும் அறிந்ததே. பருவமும் கவனிக்கத்தக்கது. பகற்பொழுது குறைவதே வெண்வால் மானின் இனச்சேர்க்கைப் பருவத்தைத் தூண்டுகிறது. அமெரிக்காவின் வடபகுதியில் நவம்பர் நடுவில் அது உச்சமடையும். பெண்மான் ஆண்மானை ஏற்பது ஏறத்தாழ ஒருநாள் அளவே. கருவுறாவிடில் சுமார் 28 நாள் கழித்து மீண்டும் வரும். செப்டம்பரில் இந்த மணத்தை ஊற்றுவது பொங்கலுக்கு முன்பே கரும்புக் கட்டு தேடுவது போன்றது.

வந்த மானும் வராத மானும்

எல்லாக் கையேடுகளிலும் சான்றாக வருவது கதை ஒன்றே. 'நவம்பர் 12 காலை, பஞ்சைத் தொங்கவிட்டேன். 40 நிமிடத்தில் எட்டுக் கிளைக் கொம்பன் வந்து நின்றது.' கதை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நவம்பர் நடுவில் ஆண்மான்கள் பெண்மானைத் தேடிப் பகலெல்லாம் அலைகின்றன. பஞ்சு இல்லாவிட்டாலும் வந்திருக்குமா? பஞ்சு தொங்கியும் மான் வராத காலைகள் எத்தனை? மணத்தை முகர்ந்து, வேடன் அறியாமலே புதருக்குள் திரும்பிப் போன மான்கள் எத்தனை? இவற்றை யாரும் எழுதுவதில்லை.

சோதனை கடினமானதன்று. ஒரே மாதிரி இரு புட்டிகள். ஒன்றில் மணநீர், மற்றதில் வெறும் நீர். எதில் எது என்று நண்பருக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு நாளும் நாணயத்தைச் சுண்டி ஒரு புட்டியைத் தேர்ந்தெடுத்து, வந்த மான்களை மறைவான ஒளிப்படக் கருவியால் பதிவு செய்யலாம். 40 நாள் கழித்து எண்ணிப் பார்த்தால் கதைகளை விடக் கனமான செய்தி கிடைக்கும். மான் வேட்டையில் இத்தனை ஆண்டு அனுபவமுள்ளோர் ஒரு நாணயத்தைச் சுண்டக்கூட முன்வராதது வியப்பளிக்கிறது.

அம்பும் ஒலியும்

இந்நூல்களில் மணத்திற்கு ஓர் அத்தியாயம், அம்புக்கு ஓர் அத்தியாயம். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. ஆனால் மானைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

இக்கால வில்லிலிருந்து அம்பு வினாடிக்கு ஏறத்தாழ 85 மீட்டர் வேகத்தில் செல்லும். 30 மீட்டரைக் கடக்க 0.35 வினாடி. நாண் எழுப்பும் ஒலி 340 மீட்டர் வேகத்தில் 0.09 வினாடியில் மானை எட்டிவிடும். மீதி 0.26 வினாடி. மான் விழித்துக்கொள்ள 0.1 வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய 0.16 வினாடியில் பாய்வதற்காகக் கால்களை மடக்கும் மானின் உடல் தடையின்றி விழுந்தால் 12 அல்லது 13 செ.மீ. தாழும். இதயத்திற்குக் குறிவைத்த அம்பு தோளிலோ முதுகிலோ தைக்கும். மான் உடனே சாகாது. காயத்தோடு காட்டுக்குள் ஓடும்.

ஆகவே மானை வரவழைப்பது மட்டும் மணப்பொறியின் வெற்றி ஆகாது. பதற்றமின்றி, தலை தாழ்த்தி, பக்கவாட்டில் நிற்கச் செய்தால்தான் அது பயனுள்ளது. போட்டியாளனின் மணத்தைக் காட்டிச் சினமூட்டி, நரம்பெல்லாம் முறுக்கேறிய மானைக் கொண்டுவந்து நிறுத்தும் புட்டி வில்வேடனுக்கு உதவியன்று. எந்த மணம் மானை எந்த மனநிலையில் கொண்டுவருகிறது என்ற கேள்வியை எழுப்பாத கையேடு மானுக்கும் நன்மை செய்யவில்லை, வேடனுக்கும் நன்மை செய்யவில்லை.

விடுபட்ட அத்தியாயம்

பெரிய குறை இன்னொன்று. 1967-இல் கொலராடோ மாநிலத்தில் அடைத்து வளர்த்த மான்களிடம் ஒரு நோய் காணப்பட்டது. மான் மாதக்கணக்கில் மெலிந்து, எச்சில் ஒழுக்கி, தள்ளாடி இறக்கும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. நோய்க்குக் காரணம் கிருமியன்று. பிரியான் எனப்படும், மடிப்புக் குலைந்த ஒரு புரதம். பிரியான் என்ற பெயரை 1982-இல் சூட்டிய ஸ்டான்லி புரூசினர் 1997-இல் நோபல் பரிசு பெற்றார். 2002-இல் இம்மெலிவு நோய் விஸ்கான்சின் மாநிலத்தில் தென்பட்டது. 2016-இல் நார்வே நாட்டுக் காட்டுக் கலைமான்களிலும் கண்டறியப்பட்டது.

நோயுற்ற மானின் எச்சிலிலும் சாணத்திலும் சிறுநீரிலும் பிரியான் வெளிப்படுகிறது. சிறுநீரில் அளவு குறைவே. ஆனால் சாதாரணக் கொதிவெப்பம் அதை அழிக்காது; மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும்; நோயின் குறி வெளித்தெரியும் முன்பே மான் அதைப் பரப்பும். இந்நிலையில் ஒரு மாநிலப் பண்ணையில் பல மான்களின் சிறுநீரைத் தரைச் சட்டத்தின் கீழே சேகரித்துப் புட்டியிலடைத்து, இன்னொரு மாநிலக் காட்டில், அதுவும் மான்கள் வந்து முகர்ந்து நக்கும் இடமாகப் பார்த்து ஊற்றுவது அறிவுடைமையா? இதை எண்ணியே வர்ஜீனியா 2015-லும் வெர்மான்ட் 2016-லும் இயற்கைச் சிறுநீர் கொண்ட மணநீர்களைத் தடை செய்தன. வேறு சில மாநிலங்களும் கட்டுப்பாடு விதித்துள்ளன. எங்கள் நூலகத்திற்கு வந்த நூல்களுள் விஸ்கான்சின் செய்திக்குப் பின் அச்சானவை மூன்று உண்டு. மூன்றிலும் மணநீரைப் புகழும் பக்கங்கள் பல. இந்நோயைப் பற்றி ஒரு பத்தியும் காணேன்.

இக்குறையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றவை ஏமாந்தவரின் பணத்தோடு போகும். இது காட்டோடு போவது. மானை நேசிப்பதாக முன்னுரையில் எழுதுபவர் இதை எழுதியிருக்க வேண்டும்.

மாணவருக்குச் சொன்னது

மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டு, 2,000 ஆண்டுக் கணக்கைக் கரும்பலகையில் போட்டேன். சிரிப்பு அடங்கியபின் அந்த மாணவர் எழுந்தார். "அப்படியானால் புத்தகம் முழுவதும் பொய்யா, சார்?"

பொய்யென்று சொல்வது எளிது. ஆனால் அது சரியன்று. காற்றைப் பற்றி அந்நூல்கள் கூறியவை உண்மை. மான்கள் மணத்தால் செய்தி பரிமாறிக்கொள்வது உண்மை. சரியான பருவத்தில், சரியான பக்கம் காற்று வீசும்போது, செயற்கை மணநீர் ஒரு மானைச் சற்று நேரம் நின்று முகரச் செய்யலாம். அதற்கு மேல் சொன்னவை எடை போடப்படாதவை. எடை போடாத சரக்கிற்கு விலை கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன்.

வாசகர்களே, இன்றிரவு வீட்டில் ஓர் ஊதுபத்தி ஏற்றுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மறுமூலையில் ஒருவரை நிற்க வைத்து, மணம் எட்டும் நேரத்தைக் குறியுங்கள். 10 நாளைக்கும் அந்த நேரத்திற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அவரும் என்னைப் போல முதலில் தவறாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.